இது உங்களுதாண்ணே?

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மில் வேன்கள் வரிசையாக நிற்கிற சந்தில் அவளுடைய கடை இருந்தது. கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொருவர் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். ஆனால் குரல் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். மைக் வேலை செய்யாத நாளில்தான் உன் பாட்டு நன்றாக இருக்கிறது என்று பங்குச் சாமியாரே சொன்னாராம். இதையும் அவளேதான் எங்களிடம் சொன்னாள், அதே குரலில்.

வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வேன் டிரைவர்களான எங்கள் எல்லோரையும் அண்ணே என்பாள். நாங்கள் தங்கச்சி என்போம், கோபம் வந்தால் தாயி என்போம். அவளிடம் கோபித்துக்கொள்ள நிறையக் காரணங்கள் இருந்தன. முதல் காரணம், எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதைச் சத்தமாக வாசிப்பாள். வருமானம், கடன், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் சந்து முழுக்கக் கேட்கும்.

"மெதுவாப் படி தங்கச்சி, மானம் போகுது" என்று ஒருநாள் சொன்னேன்.

"சம்பளத்தைச் சொல்ல என்னாண்ணே வெக்கம்? திருடியா வாங்குனீங்க?" என்றாள். அதையும் சந்து முழுக்கக் கேட்டது.

நான் முதலில் அவளிடம் போனது ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க. எனக்குச் சொந்த வேன், கடனில் வாங்கியது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேலை. மில்லுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தக்காரர். அவருடைய ஆபீசில் கொடுத்த தாள் ஒன்று அந்த பிளாஸ்டிக் கவருக்குள் மடங்கிக் கிடந்தது. அவள் கண்ணில் அது பட்டதும் வாசிப்பு தொடங்கிவிட்டது.

"என்னாண்ணே இது, உங்க வேன் வாடகைல நூத்துக்கு இருவது வரி பிடிச்சிருக்காங்க?"

"அது மில்லு வழக்கம்மா. எதுக்காவது பிடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க."

"வழக்கமா? உங்க ஸ்டாண்டுல மத்தவங்களுக்கெல்லாம் நூத்துக்கு ஒண்ணுதான் பிடிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் என்னா இருவது?" தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பிறகு துக்கம் விசாரிக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். "அண்ணே, உங்க பான் கார்டு செத்துப் போச்சு."

"அதெல்லாம் இல்ல. வீட்டுல பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. லேமினேசன்கூடப் பண்ணிருக்கேன்."

"லேமினேசன் பண்ணி அடக்கம் பண்ணிட்டீங்க. ஆதாரோட சேக்கலைன்னா கார்டு செல்லாது. செல்லாத கார்டுக்கு இருவது பிடிப்பாங்க." அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் கொஞ்சம் கனிந்தது. "ஆனா இது போன காசு இல்லண்ணே. உங்க வருமானத்துக்கு வரியே கிடையாது. அபராதத்தைக் கட்டி கார்டுக்கு உசுரு குடுத்து, வருசக் கணக்கைத் தாக்கல் பண்ணா அம்புட்டும் திரும்பி வரும். இது உங்களுது."

நான் நம்பவில்லை. அரசாங்கத்துக்குப் போன பணம் திரும்பி வந்ததாக எங்கள் ஸ்டாண்டில் ஒருவரும் சொன்னதில்லை. போன பணத்தைத் தேடிப் போய் மேலும் செலவழித்த கதைகள்தான் எங்களிடம் இருந்தன.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாமே 'உங்களுது' என்ற அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒவ்வொரு வரியையும் உரக்க வாசிப்பாள். வாசித்துவிட்டு, "இது உங்களுதாண்ணே?" என்பாள். ஆமாம் என்று வாயால் சொன்னால்தான் அடுத்த வரி. தலையாட்டினால் செல்லாது. இல்லை என்றால் அந்த வரியை அங்கேயே அழித்துவிடுவாள். கடைசியில் அனுப்புகிற பொத்தானை மட்டும் அவள் அமுக்க மாட்டாள். மவுஸை நம் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள்.

"அமுக்குங்கண்ணே."

ஒருமுறை ஏ.டி.எம். வாசலில் காவல் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்தார். வைப்புத் தொகைக்கு வந்த வட்டியில் வங்கி வரி பிடித்துவிட்டது. எல்லாம் முடிந்து பொத்தானுக்கு வந்தபோது அவர் மவுஸை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"நீயே அமுக்கிரு தாயி. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"எனக்குக் கையே இல்லன்னு வச்சுக்கங்க."

பெரியவர் எழுந்து நின்றார். பழனி எந்தத் திசை என்று என்னிடம் கேட்டார். நானும் ஒரு குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். கும்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். "போயிருச்சா?" என்றார். போயிருச்சு என்றாள். அவருடைய முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. வெளியே போனவர் திரும்பி வந்து, "இன்னொருக்கா அமுக்கணுமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

தனக்கும் அவள் இதே சட்டம்தான் வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒருநாள் எதிர்த்த டீக்கடை மாஸ்டரைக் கடைக்குள் உட்காரவைத்து, தன்னுடைய வரவு செலவை அவரை வாசிக்கச் சொல்வாள். அவரை நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்து, "இது உன்னுதாம்மா?" என்று கேட்பார். இவளும் கைகட்டி நின்று ஆமாம் சித்தப்பா என்பாள். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். "எனக்கு நானே படிச்சா எனக்கு நானே சலுகை குடுத்துக்குவேண்ணே" என்றாள்.

இந்தச் சித்தப்பாவிடம்தான் எங்கள் எல்லோருடைய தலையெழுத்தும் இருந்தது. அது எங்கள் ஸ்டாண்டுக்கு மட்டுமே உரிய பைத்தியக்காரத்தனம். எந்த கம்பெனி சலுகை கொடுக்கிறதோ அந்த சிம்முக்கு நாங்கள் மாறிவிடுவோம். தீபாவளிக்கு ஒரு நம்பர், பொங்கலுக்கு ஒரு நம்பர். அதனால் எங்கே நம்பர் கேட்டாலும் டீக்கடை நம்பரையே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதுதான் மாறாது, கடைப் பலகையில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது. கேஸ் சிலிண்டருக்கு அந்த நம்பர், பள்ளிக்கூடத்துக்கு அந்த நம்பர், வங்கிக்கு அந்த நம்பர், ஆதாருக்கும் அதே நம்பர்.

பாய்லருக்கு மேலே ஒரு தகர டப்பாவில் அந்த போன் இருக்கும். சித்தப்பா டீயோடு சேர்த்துச் செய்தியும் கொடுப்பார். "ஏலே, உன் சிலிண்டர் நாளைக்கு வருதாம்." "அப்பு, உன் மகன் இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலையாமே?" அவருக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. எங்களுக்குத் தெரியாமல் நடக்கும்.

அரைகுறை நம்பிக்கையோடு அபராதத்தைக் கட்டி, என் கார்டுக்கு உயிர் கொடுக்கிற அன்று இந்த வழக்கம் அவளுக்குத் தெரியவந்தது. போனுக்கு வரும் ஆறு எண்களைச் சொல்லுங்கள் என்றாள். நான் எதிர்த்த டீக்கடையைப் பார்த்துக் கத்தினேன். சித்தப்பா டப்பாவைத் திறந்து, ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்து, அங்கிருந்தே எண்களை ஏலம் விடுவதுபோல் சொன்னார். நடுவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்ததால் முழுவதையும் மறுபடி சொன்னார். சந்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திய ஒரே நாள் அதுதான். "அண்ணே, சம்பளம் ஊருக்கே தெரியலாம். இந்த ஆறு நம்பர் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது. இது உங்க கையெழுத்துண்ணே. கையெழுத்தை இப்படியா ரோட்டுல போட்டு மிதிப்பீங்க?"

கார்டு அன்றைக்கே ஆதாரோடு சேர்ந்தது. உயிர் வர ஒரு மாதம் ஆகும் என்றாள். அதற்குள் தபால் நிலையத்துக்குப் போய் ஆதாரில் என் சொந்த நம்பரைப் பதிந்து வரவேண்டும், அதுவரை என் கணக்கைத் தொடவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். அரை நாள் வண்டி ஓடாவிட்டால் ஒப்பந்தக்காரர் பதில் வண்டிக்காரனைக் கூப்பிடுவார், கூப்பிட்டவன் பிறகு போக மாட்டான். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

அதற்குள் எனக்கு வேறு நெருக்கடி வந்தது. ஆவணியில் வேனுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி. என்போம். டயர் மாற்றி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுபோனால்தான் சான்று கிடைக்கும். சான்று இல்லாத வண்டியை மில் வாசலுக்குள் விடமாட்டார்கள். லைன், அதாவது அந்த மில் ஓட்டம், கைமாறிவிட்டால் கடன் கட்ட வழியில்லை, வண்டியும் போய்விடும். எனக்கு வேறு வேலையும் தெரியாது. பிடித்த வரி திரும்பி வந்தால் மட்டுமே அந்தச் செலவைச் சமாளிக்க முடியும்.

அப்படி இருந்தபோதுதான் ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வரி ஏஜென்ட் என்றார். "நீங்க எங்கயும் வரவேணாம் பாஸ். கார்டு போட்டோவும் டீக்கடைக்கு வர்ற ஆறு நம்பரும் போதும். காசு வந்ததும் மூணுல ஒரு பங்கு எனக்கு." வரிசை இல்லை, தபால் நிலையம் இல்லை, இது உங்களுதா என்ற விசாரணை இல்லை. ஸ்டாண்டே அவர் பக்கம் சாய்ந்தது. அன்று காலையிலேயே இரண்டு பேருக்கு முடித்துவிட்டார். மூன்றாவது நான்.

மத்தியான ஷிப்டுக்கு முன் எல்லோரும் டீக்கடையில்தான் இருந்தோம். என் மகளும் இருந்தாள். பதினொன்றாவது படிக்கிறாள், பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் ஆடுகிறாள். அன்றைக்கு அரை நாள்தான் பள்ளி, என் வண்டியில் வீட்டுக்குப் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். ஏஜென்ட் தன் போனில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

சித்தப்பா டப்பாவைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சித்தப்பா! வாயை மூடுங்க!"

எதிர்க் கடையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் சித்தப்பா மட்டுமல்ல, சந்தில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம். அவள் சாலையைக் கடந்து ஓடிவந்தாள். ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. வந்ததும் ஏஜென்டிடம், "சார், இவருக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?" என்றாள்.

"அதெல்லாம் டெக்னிக்கல்மா. இவங்களுக்குப் புரியாது."

"நான் புரியவைக்கிறேன். போனைத் தொடமாட்டேன் சார், கையைக் கட்டிக்கிறேன். செத்த நேரம் அப்படியே பிடிங்க." சொன்னபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். டிரைவர்கள் சுற்றி நின்றதால் அவரால் போனை மறைக்க முடியவில்லை. அவள் வாசித்தாள்.

"வீட்டு வாடகை மாசா மாசம் கட்டுறீங்க. இது உங்களுதாண்ணே?"

"இல்ல தங்கச்சி. அப்பா கட்டுன ஓட்டு வீடு."

"ஆயுள் காப்பீடு. இது உங்களுதா?"

"வேனுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கு. எனக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வரிக்குப் போனதும் அவள் குரல் இறங்கியது. "மகள். கடுமையான உடல் ஊனம். வைத்தியச் செலவு."

பெஞ்சில் இருந்த என் மகள் பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "யாருப்பா ஊனம்?"

ஏஜென்ட் அவளைப் பார்த்தார். அவள் முழங்காலில் ஒரு கட்டு இருந்தது. பிடி கிடைத்த மாதிரி, "இதோ, கட்டுப் போட்டிருக்கே!" என்றார்.

"சார், இது நேத்து மேட்ச்ல மூணு பேரை இழுத்துக்கிட்டுக் கோட்டுக்கு வந்தப்பச் சிராய்ச்சது" என்று அவள் எழுந்து நின்றாள். "வேணும்னா இப்ப ஒரு ரெய்டு வாரேன். பிடிங்க பாப்போம்."

ஸ்டாண்டே விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் என்றாலே பதறுகிறவன் நான். வாயால்கூடச் சொல்லக் கூடாததை ஒருவர் எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் போட்டிருக்கிறார். ஆறு எண்கள் மட்டும்தான் பாக்கி. அவள் என்னைப் பார்த்து மெதுவாக, மிகவும் மெதுவாகக் கேட்டாள். "இது உங்களுதாண்ணே?"

"இல்ல தாயி. எம் புள்ள நல்லா இருக்கா. ஒண்ணும் எழுத வேணாம்."

சித்தப்பா போனை டப்பாவுக்குள் போட்டு மூடினார். அதோடு நிற்காமல் டப்பாவின் மேல் பால் பாத்திரத்தையும் தூக்கி வைத்தார்.

"வரியே இல்லாத ஆளுக்கு இந்தப் பொய்யெல்லாம் எதுக்கு சார்?" என்று அவள் பழைய குரலுக்குத் திரும்பினாள். "உண்மையை எழுதுனாலே பிடிச்சது அம்புட்டும் வரும். பிடிச்சதுக்கு மேல ஒத்த ரூவா வராது. மூணுல ஒரு பங்குக்கு ஏதோ வேலை பாத்த மாதிரி காட்டுறீங்க. நாளைக்கு நோட்டீஸ் வந்தா உங்களுக்கா வரும்? இவருக்கு வரும். அதுவும் டீக்கடைக்கு வரும்."

ஏஜென்ட் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். என் மகள் அவருக்கு டாட்டா காட்டினாள். காலையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்கும் கணக்கைத் திருத்தி அனுப்ப இன்னும் நாள் இருந்தது. அன்று சாயங்காலமே அவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக இல்லை, இல்லை என்று சொல்லவைத்தாள்; சொந்த நம்பர் பதிந்ததும் அனுப்பலாம் என்றாள். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் நான் தபால் நிலையத்தில் முதல் ஆளாக நின்றேன். ஸ்டாண்டு முழுக்க என் பின்னால் நின்றது. பதில் வண்டிக்காரனும் நின்றான், அவனுடைய ஆதாரிலும் டீக்கடை நம்பர்தான்.

சில நாட்களில் நம்பர் மாறியது. அவள் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் சொன்னேன். கடைசியில் மவுஸ் என் பக்கம் வந்தது. வண்டி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் ஓட்டுகிறவன், அந்தச் சின்னப் பொத்தானுக்கு முன்னால் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். அவள் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக்குன்னு நினைச்சுக்கங்கண்ணே."

அமுக்கினேன். போய்விட்டது. காவல்காரப் பெரியவர் ஏன் இன்னொருமுறை கேட்டார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அவள் கணவருக்குப் பழனியில் வேலை மாறி, அவளும் அங்கே போய்விட்டாள். பஞ்சாமிர்தக் கடைக்காரர்களும் லாட்ஜ் பையன்களும் இப்போது ஆமாம், இல்லை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவளை நினைக்கும்போதெல்லாம் என் கண் முன்னால் வருவது அந்த ஆவணி மாதத்து மத்தியானம்தான்.

முதல் ஷிப்டு முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு மில்லிலிருந்து கிளம்பியிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. என் சொந்த நம்பருக்கு வந்த முதல் நல்ல செய்தி அதுவாகத்தான் இருக்கும். ஓரமாக நிறுத்தி, முன் சீட்டில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். பிடித்தது முழுவதும் என் கணக்கில் வந்து விழுந்திருந்தது. "டயர் வந்திருச்சு!" என்று நான் கத்திவிட்டேன். எஃப்.சி. கதை வண்டி முழுக்கத் தெரியும் என்பதால் அவர்களும் கைதட்டினார்கள்.

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "அண்ணே, போன வருசம் கல்யாணத்துக்காகப் பழைய மில்லுப் பி.எஃப். பணத்தை எடுத்தப்ப எனக்கும் வரின்னு பிடிச்சாங்களே, அதும் வருமா?" என்றாள். எனக்கும்தான் என்று இன்னொருத்தி. எனக்கும், எங்க அக்காவுக்கும் என்று குரல்கள் கிளம்பின. வீட்டுக்குப் போகிற பாதை இடது பக்கம் திரும்பியது. நான் வண்டியை நேராகத் திண்டுக்கல்லுக்கு விட்டேன். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை.

கடை வாசலில் வேன் நின்று, கதவு திறந்து, பஞ்சுத் தூசி படிந்த தலைகளோடு பெண்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இம்புட்டும் உங்களுதா?"

தலையாட்டினால் செல்லாது என்று எனக்குத் தெரியும். "ஆமா தங்கச்சி" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "சித்தப்பா, எல்லாருக்கும் டீ போடுங்க!" என்று எதிர்த்த கடைக்குக் குரல் கொடுத்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "மொதல்ல சொல்லுங்க, ஆதார்ல சொந்த நம்பர் இருக்கிறவங்க யாரு?" என்றாள்.

அத்தனை கைகளும் உயர்ந்தன. எங்கள் டிரைவர்கள் டீக் கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவள் உள்ளே போய், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.